துபாய் பக்கமா, சிங்கப்பூர் பக்கமா? விமான தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்குப் போடுவது எப்படி

"துபாய் பக்கந்தானே அக்கா, மூணு மணி நேரங்கூட ஆகாது. சிங்கப்பூர்தான் தூரம், ஏழு மணி நேரம் புடிக்குது."

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு சின்ன டிக்கெட் கடையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இந்தப் பேச்சு நன்றாகப் பழகிப்போன ஒன்று. சொல்பவர்கள் சும்மா சொல்லவில்லை, டிக்கெட்டைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். துபாய் டிக்கெட்டில் இறங்கும் நேரத்திலிருந்து கிளம்பும் நேரத்தைக் கழித்தால் மூன்று மணிக்கும் குறைவாகத்தான் வரும். சிங்கப்பூர் டிக்கெட்டில் ஆறே முக்கால், ஏழு என்று வரும்.

ஆனால் திருச்சி விமான நிலையத்திலிருந்து துபாய் சுமார் 2,940 கிலோமீட்டர். சிங்கப்பூர் சுமார் 2,980. வித்தியாசம் இங்கிருந்து மணப்பாறை போகிற தூரம்தான். விமானம் பறக்கிற நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

தூரம், பயண நேரம், டிக்கெட்டில் இருக்கும் கடிகார நேரம் ஆகிய மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருகிற கோளாறு இது. மூன்றையும் தனித்தனியாகக் கணக்குப் போடலாம். பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும், போனில் இருக்கிற கால்குலேட்டரே தாராளம்.

தூரம்

முதலில் எந்த விமான நிலையம் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். லண்டன் என்றால் ஹீத்ரோவா, கேட்விக்கா, ஸ்டான்ஸ்டெட்டா? துபாயிலும் இரண்டு இருக்கின்றன. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மூன்றெழுத்துக் குறியீடு உண்டு: திருச்சிக்கு டிஆர்இசட், சென்னைக்கு எம்ஏஏ, சிங்கப்பூருக்கு எஸ்ஐஎன், பெரிய துபாய் நிலையத்துக்கு டிஎக்ஸ்பி. டிக்கெட்டில் ஊர்ப் பெயரைவிட இந்தக் குறியீட்டைத்தான் நம்ப வேண்டும். 'இரண்டு ஊர்களுக்கு இடையே தூரம்' என்று தேடினால் வருகிற பல பக்கங்கள் ஊரின் மையத்திலிருந்து அளந்திருக்கும், இல்லாவிட்டால் சாலை தூரத்தைச் சொல்லும். இரண்டும் நமக்கு ஆகாது.

சோம்பேறி வழி ஒன்று இருக்கிறது. 'கிரேட் சர்க்கிள் மேப்பர்' என்ற இணையதளத்தில் இரண்டு குறியீடுகளையும் நடுவில் ஒரு சிறு கோடு போட்டுத் தட்டினால் தூரமும் வரும், வரைபடமும் வரும். கூகுள் மேப்ஸிலும் தூரம் அளக்கும் வசதி உண்டு. கணினியில் வலது கிளிக், போனில் விரலால் அழுத்திப் பிடித்தால் அந்தத் தேர்வு கிடைக்கும்.

கையால் போட்டுப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு மட்டும் இனி வருவது. எனக்கு இதில் தனி ருசி.

கூகுள் மேப்ஸில் விமான நிலையத்தின் மீது அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் காட்டும். முதல் எண் அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. திருச்சிக்கு 10.77, 78.71. சிங்கப்பூர் சாங்கிக்கு 1.35, 103.99.

வடக்கு தெற்காக ஒரு டிகிரி நகர்ந்தால் சுமார் 111 கிலோமீட்டர். இந்த 111 எங்கிருந்து வந்தது என்றால், பிரெஞ்சுக்காரர்கள் 1790களில் மீட்டர் என்ற அளவை உருவாக்கியபோது, பூமத்திய ரேகையிலிருந்து துருவம் வரையுள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கு என்றுதான் அதை வைத்தார்கள். அதாவது 90 டிகிரிக்கு 10,000 கிலோமீட்டர். வகுத்தால் 111.

கிழக்கு மேற்காக நகர்ந்தால் கதை வேறு. பூமத்திய ரேகையில் ஒரு டிகிரிக்கு அதே 111 தான். வடக்கே போகப் போக தீர்க்கரேகைக் கோடுகள் நெருங்கிக்கொண்டே போய்த் துருவத்தில் ஒரே புள்ளியில் சேர்ந்துவிடும். அதனால் 111-ஐ அந்த இடத்து அட்சரேகையின் கொசைனால் பெருக்க வேண்டும். இரண்டு ஊர்களின் சராசரி அட்சரேகையை எடுத்துக்கொள்ளலாம்.

போட்டுப் பார்ப்போம். திருச்சி – சிங்கப்பூர்:

அட்சரேகை வித்தியாசம் 10.77 − 1.35 = 9.42. அதை 111-ஆல் பெருக்கினால் 1,046 கி.மீ.

தீர்க்கரேகை வித்தியாசம் 103.99 − 78.71 = 25.28. அதை 111-ஆல் பெருக்கினால் 2,806. சராசரி அட்சரேகை 6.06, அதன் கொசைன் 0.994. பெருக்கினால் 2,790 கி.மீ.

இந்த இரண்டும் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள். நமக்கு வேண்டியது கர்ணம். பிதாகரஸ் தேற்றம்தான்: 1,046-இன் வர்க்கத்தையும் 2,790-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2,980. முழுக் கோளக் கணக்குப் போட்டாலும் 2,982 தான் வருகிறது.

கால்குலேட்டரைப் பக்கவாட்டில் திருப்பினால் கொசைன் பொத்தான் வரும். அது டிகிரியில் இருக்கிறதா, ரேடியனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கொசைன் 60 போட்டால் 0.5 வர வேண்டும். வராவிட்டால் பொத்தானை மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

துபாயின் எண்கள் 25.25, 55.36. இதே மாதிரி போட்டால் 2,943 வரும். நீங்களே ஒருமுறை போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஒரு சங்கதி. திருச்சி தெற்கே இருப்பதால் சென்னையைவிட சிங்கப்பூருக்கு நாம்தான் பக்கம் என்று ஊரில் பலர் நினைக்கிறார்கள். இல்லை. சென்னை – சிங்கப்பூர் சுமார் 2,920 கிலோமீட்டர்தான், நம்மைவிட அறுபது குறைவு. சென்னை நமக்கு வடக்கே இருப்பதோடு கிட்டத்தட்ட ஒன்றரை டிகிரி கிழக்கேயும் இருக்கிறது. சிங்கப்பூர் போகிறவர்களுக்கு அந்தக் கிழக்குதான் கணக்கு.

இந்த முக்கோண முறை மூவாயிரம் கிலோமீட்டர் வரை நம் பக்கத்து ஊர்களுக்கு அருமையாக வேலை செய்யும். அதற்கு மேல், அதுவும் வடக்கே தள்ளிப் போகப் போக, சொதப்பும். சென்னை – ஹீத்ரோவுக்கு இதே முறையில் போட்டால் 8,690 வருகிறது. உண்மையான தூரம் சுமார் 8,230. பூமி உருண்டை என்பதை மறந்து தட்டைத் தாளில் கோடு போட்டதன் விலை அந்த 460 கிலோமீட்டர்.

நெடுந்தூரத்துக்கு உரிய சூத்திரம் இது: முதல் ஊர் அட்சரேகையின் சைனையும் இரண்டாவது ஊர் அட்சரேகையின் சைனையும் பெருக்கி ஓரமாக வையுங்கள். இரண்டு அட்சரேகைகளின் கொசைன்களையும் பெருக்கி, அதை தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனால் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டுங்கள். வருகிற எண்ணுக்கு நேர்மாறு கொசைன் (கால்குலேட்டரில் cos⁻¹) எடுத்தால் ஒரு கோணம் கிடைக்கும். அதை 111.2-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். சென்னை – ஹீத்ரோவுக்கு அந்தக் கோணம் 74.05 டிகிரி. கிரீனிச்சுக்கு மேற்கே உள்ள ஊர்களின் தீர்க்கரேகையும், பூமத்திய ரேகைக்குத் தெற்கே உள்ள ஊர்களின் அட்சரேகையும் கழித்தல் குறியோடு வரும். ஹீத்ரோவுக்கு −0.45. சென்னையின் 80.17-லிருந்து அதைக் கழிக்கும்போது கூட்டலாகி 80.62 ஆகும். அவசரத்தில் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான்.

இப்படிக் கிடைப்பது உருண்டையின் மேல் இழுத்துப் பிடித்த நூல் போன்ற மிகக் குறுகிய கோடு. திருச்சி – சிங்கப்பூர் கோடு வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வடக்கே போய், வங்கக் கடலைத் தாண்டி, சுமத்ராவின் வடபகுதியைக் குறுக்காகக் கடந்து, மலாக்கா நீரிணை வழியாக இறங்குகிறது. விமானம் அச்சு அசலாக இதே கோட்டில் போகாது. வான்வழிப் பாதைகள், மழை மேகங்கள், இறங்குவதற்கான வரிசை என்று கொஞ்சம் வளைந்துதான் போகும். அதனால் கணக்கில் வருவதைவிடச் சில விழுக்காடு கூடுதலாகப் பறக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம்

நான் வைத்திருக்கும் வாய்ப்பாடு ஒன்றே ஒன்று: கிலோமீட்டரை 800-ஆல் வகுத்து, அதோடு அரை மணி கூட்டு.

திருச்சி – சிங்கப்பூர்: 2,980-ஐ 800-ஆல் வகுத்தால் 3.72 மணி, அதாவது மூன்று மணி 43 நிமிடம். அரை மணி கூட்டினால் நாலேகால். டிக்கெட்டிலும் அதை ஒட்டித்தான் இருக்கும். சென்னை – லண்டன்: 8,230-க்கு பத்து மணி 17 நிமிடம், அரை மணி கூட்டினால் பத்தே முக்கால். திருச்சி – கொழும்பு: தூரம் சுமார் 420. வகுத்தால் அரை மணி, கூட்டினால் ஒரு மணி. எதிலும் பெரிய பிழை இல்லை.

ஏன் 800? திருச்சிக்கு வருகிற ஏர்பஸ் 320, போயிங் 737 மாதிரியான விமானங்கள் உயரத்தில் மணிக்கு 830, 840 கிலோமீட்டரில் போகும். பெரிய 787, ஏ350 விமானங்கள் 900-ஐத் தொடும். வளைந்து போவதற்கும் சேர்த்துக் கொஞ்சம் குறைத்துப் பிடித்தால் 800 ஒரு நல்ல எண், மனக்கணக்குக்கும் வசதி.

அந்த அரை மணி, விமானம் முழு வேகத்தில் போகாத நேரத்துக்கு ஈடு. பயணிகள் ஏறும் வாசலிலிருந்து பின்னால் தள்ளி, ஓடுபாதை வரை ஊர்ந்து, தன் முறைக்குக் காத்திருந்து, ஏற வேண்டும். பொதுவாக 10,000 அடிக்குக் கீழே 250 நாட் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அது மணிக்கு சுமார் 460 கிலோமீட்டர். இறங்கும்போதும் அதே கட்டுப்பாடுதான். ஆகவே குறுகிய பயணங்களில் இந்த அரை மணிதான் பெரிய பங்கு. கொழும்புப் பயணத்தில் பாதி நேரம் அதிலேயே போய்விடுகிறது.

விசிறி வைத்த ஏடிஆர் விமானம் என்றால் 800-க்குப் பதில் 500-ஆல் வகுக்க வேண்டும். திருச்சி – சென்னை சுமார் 295 கிலோமீட்டர். ஜெட் என்றால் 52 நிமிடம், ஏடிஆர் என்றால் 65. டிக்கெட் எடுக்கும்போதே எந்த வகை விமானம் என்று போட்டிருக்கும், பாருங்கள்.

டிக்கெட்டில் இருப்பது வாசலிலிருந்து வாசல் வரையான நேரம், பறக்கும் நேரம் மட்டும் அல்ல. சிறு தாமதம் வந்தாலும் சொன்ன நேரத்துக்குச் சேர்ந்துவிட வேண்டும் என்று நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டியே போடுவதும் உண்டு. "அரை மணி முன்னாடியே இறங்கிட்டோம்" என்று விமானி பெருமையாக அறிவிப்பதன் ரகசியங்களில் இதுவும் ஒன்று. உண்மையில் எவ்வளவு நேரம் பறக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஃபிளைட்ரேடார்24 செயலியில் விமான எண்ணைப் போட்டு, கடந்த ஒரு வாரத்துப் பட்டியலைப் பாருங்கள். அதில் காட்டும் பறக்கும் நேரம் டிக்கெட்டில் உள்ளதைவிடக் குறைவாக இருக்கும். ஊர்ந்து போகிற நேரம் அதில் சேராது.

காற்று

ஒரே தூரம், போக ஒரு நேரம், வர ஒரு நேரம். காரணம் காற்று. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று, குளிர்காலத்தில் வட இந்தியா, வளைகுடாப் பக்கம் பலமாக இருக்கும். அதனால் துபாய் போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று. வரும்போது கால் மணி, அரை மணி குறைவதுண்டு. லண்டன் மாதிரி நெடும்பயணத்தில் வித்தியாசம் இன்னும் கூடும். காற்று எவ்வளவு தூக்கிவிடும் என்பதற்கு, 2024 பிப்ரவரியில் வாஷிங்டனிலிருந்து லண்டன் போன ஒரு விமானம் தரையை ஒப்பிட மணிக்கு சுமார் 1,290 கிலோமீட்டரைத் தொட்டதே சாட்சி.

நம் தலைக்கு மேல் இருக்கிற காற்று இன்னும் சுவாரசியமானது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், அதாவது ஆனியிலிருந்து ஆவணி வரை, தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் காற்று தலைகீழாகக் கிழக்கிலிருந்து மேற்காக வீசுகிறது. கீழே மேற்குக் காற்று, மேலே கிழக்குக் காற்று. வெப்பமண்டலக் கீழை ஜெட் காற்று என்று பெயர். 1950களில் இதை ஆராய்ந்து உலகத்துக்குச் சொன்னவர் இந்திய வானிலை அறிஞர் கோட்டீஸ்வரம். அதன் உச்ச பலம் பயணிகள் விமானம் பறக்கும் உயரத்துக்கும் மேலேதான், இருந்தாலும் கொஞ்சம் கீழேயும் எட்டும். அந்த மாதங்களில் சிங்கப்பூரிலிருந்து திருச்சி வருகிறவர்களுக்கு அது கைகொடுக்கும். ஆகவே 'கிழக்கே போனால் சீக்கிரம்' என்ற விதியை உலகம் முழுக்க எல்லா மாதத்துக்கும் நீட்ட வேண்டாம்.

தூரம் கூடினால் நேரம் கூடும் என்பதும் எப்போதும் சரியல்ல. டெல்லி – சான் பிரான்சிஸ்கோ ஏர் இந்தியா விமானம் முன்பு அட்லாண்டிக் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. 2016 அக்டோபரில் பசிபிக் வழியாகத் திருப்பிவிட்டார்கள். தூரம் 1,400 கிலோமீட்டர் கூடி 15,300 ஆனது. ஆனால் முதுகுப் பக்கம் காற்று தள்ளியதால் பதினான்கரை மணி நேரத்தில் சேர்ந்துவிட்டது, முன்பைவிட கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் முன்னதாக.

அப்புறம் மூடிய வான்வெளி. 2022-இல் ரஷ்யா ஐரோப்பிய விமானங்களுக்கு வானத்தை மூடியதும் ஹெல்சிங்கி – டோக்கியோ பயணம் சுமார் ஒன்பதரை மணியிலிருந்து பதின்மூன்றாக நீண்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு வான்வெளியை மூடியபோது டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் சுற்றிப் போயின. திருச்சி – துபாய் விமானம் அரபிக்கடல் மேலாகப் போவதால் அதற்கு இந்தத் தலைவலி இல்லை. நெடுந்தூரப் பயணம் என்றால் என் 800 கணக்கோடு நிற்காமல் நடப்பு அட்டவணையையும் பார்த்துவிடுங்கள்.

கடிகாரம்

டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் கடிகாரப்படி, இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் கடிகாரப்படி. இரண்டையும் நேராகக் கழித்தால் வருவது பயண நேரமே அல்ல.

கூட்டவா கழிக்கவா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல், இரண்டையும் இந்திய நேரமாக மாற்றிவிட்டுக் கழியுங்கள். திருச்சியில் இரவு 11:30-க்குக் கிளம்பி சிங்கப்பூரில் காலை 6:15-க்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். அங்கே 6:15 என்றால் இங்கே 3:45. 11:30-லிருந்து 3:45 வரை நாலேகால் மணி. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். காலை 5:00-க்குக் கிளம்பி அங்கே 7:45-க்கு இறங்கினால், அது இங்கே 9:15. அதுவும் நாலேகால்.

மலேசியாவுக்கும் சிங்கப்பூர் கணக்கேதான். மஸ்கட், ஷார்ஜாவுக்கு துபாய் கணக்கு. தோஹா, குவைத், பஹ்ரைன், சவூதி நமக்கு இரண்டரை மணி பின்னால். இலங்கைக்கு வித்தியாசமே இல்லை. லண்டன் மட்டும் வருடத்துக்கு இரண்டு முகம் காட்டும்: மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி பின்னால், மற்ற மாதங்களில் ஐந்தரை.

பழைய சிங்கப்பூர்க்காரர் யாராவது "எங்க காலத்துல ரெண்டு மணி நேரந்தான் வித்தியாசம்" என்றால் மறுக்காதீர்கள், அவர் சொல்வது சரி. 1982 ஜனவரி 1 முதல்தான், மலேசியாவை ஒட்டி, சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியது. அந்த ஊர் இருக்கிற தீர்க்கரேகைக்கு அந்த நேரம் பொருந்தவே பொருந்தாது. அதனால்தான் அங்கே சூரியன் ஏழு மணி வாக்கில்தான் உதிக்கிறது, 6:15-க்கு இறங்குபவர்கள் இருட்டிலேயே இறங்குகிறார்கள்.

மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு அவசியம் தேவை. கடிகாரம் ஆறே முக்கால் மணி ஓடியிருக்கும், உடம்புக்கு ஓடியது நாலேகால்தான். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் உண்மையான பயண நேரத்தையும் இறங்கும் ஊரின் நேரத்தையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப்போய் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டுக்கு வீடு

நாலேகால் மணி நேரப் பயணத்துக்கு நாள் முழுக்கப் போகிறதே என்றால், போகத்தான் செய்யும். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்கிறோம். பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே கவுன்டரை மூடிவிடுவார்கள். பட்டுக்கோட்டையிலிருந்தோ அறந்தாங்கியிலிருந்தோ கார் எடுத்து வருகிறவர்கள் அந்தச் சாலை நேரத்தை இதோடு கூட்டுங்கள். இறங்கியபின் குடியேற்ற வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பு என்று ஒரு மணி நேரம். அழைக்க வருகிறவரிடம் இறங்கும் ஊரின் நேரத்தைச் சொல்லி, அதற்குமேல் முக்கால் மணி கழித்து வரச் சொன்னால் போதும். இங்கத்திய நேரத்தைச் சொல்லாதீர்கள்.

மாறிப் போகும் டிக்கெட்டில் இணையத்தில் காட்டும் மொத்த நேரத்தில் நடுவில் காத்திருப்பதும் சேர்ந்திருக்கும். இரண்டு விமானங்களின் நேரத்தையும் தனித்தனியாகப் பார்த்து, நடுவில் எவ்வளவு இருக்கிறது என்று கழித்துப் பாருங்கள். ஒன்றரை மணிக்குக் குறைவாக இருந்து, இரண்டும் வேறு வேறு டிக்கெட்டாக இருந்தால் நான் போட்டுத் தருவதில்லை, விலை எவ்வளவு குறைந்தாலும்.

இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் சிறியதாக +1 என்று இருந்தால் மறுநாள் இறங்குகிறீர்கள் என்று பொருள். நள்ளிரவு விமானத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 12-ஆம் தேதி 00:30 என்று டிக்கெட்டில் இருந்தால், நீங்கள் வீட்டிலிருந்து கிளம்ப வேண்டியது 11-ஆம் தேதி மாலை. 12-ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் பெட்டியோடு வந்தால், விமானம் போய் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகியிருக்கும். அப்படிப்பட்ட டிக்கெட்டில் நான் பேனாவால் "11 ராத்திரி 9 மணிக்கு ஏர்போர்ட்" என்று எழுதிக் கொடுப்பேன். போனில் டிக்கெட் வைத்திருப்பவர்கள் அதே வரியை அலாரத்துக்குப் பெயராக வைத்துக்கொள்ளுங்கள்.